சீனி வருத்தமும் இலைச்சாறும்: நாம் விடும் பிழைகள்

களுவாஞ்சிகுடியில் இருக்கும் என் பெரியம்மாவுக்குச் சீனி வருத்தம் (நீரிழிவு) வந்து 12 வருடம். போன வருடம் பார்க்கப் போனபோது, கிளினிக்கில் கொடுத்த குளிசைகள் பிரிக்காமலே கிடந்தன. ஏன் என்று கேட்டேன். "இப்ப சிறுகுறிஞ்சா இலைச்சாறுதான் குடிக்கிறன் மனே. வாயில சீனியப் போட்டாலும் இனிக்குதில்ல. உடம்புல இருந்த சீனியெல்லாம் இறங்கிட்டு" என்றார். விரலில் குத்திப் பார்த்தோம். மீற்றர் 318 காட்டியது, மிகவும் கூடிய அளவு.

இனிக்கவில்லை என்று அவர் சொன்னது உண்மைதான். சிறுகுறிஞ்சா இலையில் உள்ள ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களை மறித்துவிடும். இலையை மென்றுவிட்டுச் சீனியைப் போட்டால் மணலைக் கடிப்பது போல இருக்கும். அரை மணி, கூடினால் ஒரு மணி நேரத்தில் நாக்கு பழையபடி ஆகிவிடும். இது நாக்கில் நடக்கும் வேலை. இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று நாக்குக்குத் தெரியாது.

வேறொரு குழப்பமும் இருக்கிறது. சந்தையில் சுண்டலுக்கென்று கட்டுக் கட்டாக வரும் குறிஞ்சா வேறு கொடி. பெயரை வைத்து அதையே அரைத்துக் குடிக்கிறார்கள். அதனால் தீங்கில்லை, நல்ல கீரைதான். ஆனால் வேலியில் கண்ட கொடியை எல்லாம் மென்று பார்த்துச் சிறுகுறிஞ்சாவைத் தேடப் போகாதீர்கள். அந்தத் தாவரக் குடும்பத்தில் நஞ்சுள்ள கொடிகளும் உண்டு. இலையை நன்றாகத் தெரிந்த சித்த, ஆயுர்வேத வைத்தியரிடம் காட்டிக் கேளுங்கள்.

கொவ்வை இலையைப் பற்றி இலங்கையிலேயே ஆய்வு நடந்திருக்கிறது. 2011இல் வெளிவந்த ஒன்றில் நோயில்லாத 61 பேர் பங்குபற்றினார்கள். 20 கிராம் இலையைத் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு, குளுக்கோஸ் குடித்த பிறகு சீனி ஏறியது குறைவாக இருந்தது. நம் வீட்டுச் சுண்டல்தான் அது! எனக்கு அதை வாசித்தபோது பெரிய சந்தோஷம். ஆனால் அதைக் கேள்விப்பட்டு நாம் என்ன செய்கிறோம்? ஒரு கட்டு இலையை கிரைண்டரில் போட்டு அடித்து, சக்கையை வடித்து எறிந்துவிட்டு, வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் குடிக்கிறோம். அளவும் வேறு, உண்ணும் விதமும் வேறு, எறிந்ததில் நார்ச்சத்தும் போய்விட்டது. இன்னும் சிலர் இலைக்கஞ்சியைப் பனங்கட்டி கடித்துக்கொண்டு குடிக்கிறார்கள். அதற்குமேல் என்ன சொல்ல?

குளிசையை நிறுத்துவது ஒரு பிழை என்றால், குளிசையோடு சாற்றையும் சேர்த்து டொக்டரிடம் சொல்லாமல் இருப்பது அடுத்தது. கிளிக்லாசைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சீனி அளவுக்கு மேல் இறங்கிவிடலாம். 70க்குக் கீழே போனால் வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சுக் குழறும். நோன்பு காலத்தில் காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் இதில் கூடுதல் கவனம் வேண்டும். சஹருக்கு, அதாவது விடியுமுன் உண்ணும் நேரத்தில், சாறும் குளிசையும் எடுத்துவிட்டுப் பகல் முழுக்க வெறும் வயிறு. நடுக்கம் வந்தால் நோன்பை விட்டு, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். நோயாளிக்கு மார்க்கத்திலும் சலுகை இருக்கிறது. நினைவு தப்பினவருக்கு வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அப்புறம் இந்த ஒட்சியேற்ற அழுத்தம். இரத்தத்தில் சீனி கூடிக் கிடந்தால் கலங்களுக்குள் சுயாதீன மூலிகங்கள் என்ற நிலையற்ற துகள்கள் பெருகி, கண், சிறுநீரகம், நரம்பு எல்லாவற்றையும் அரிக்கும். அது சரி. 'இந்த இலை ஒட்சியேற்றத்தைத் தடுக்கும்' என்ற செய்திகள் பெரும்பாலும் ஆய்வுகூடத்துக் குழாயில் இருந்து வருபவை. ஊதா நிறக் கரைசலில் இலைச்சாற்றை விட்டால் மஞ்சளாக மாறும், அதை அளப்பார்கள். பெரும்பாலும் அந்தச் சாறு மெதனோல், எதனோலில் எடுத்தது. நம் அம்மியில் அரைத்தது அல்ல. குழாயில் நடந்தது உடம்பிலும் நடக்கும் என்றும் இல்லை. 2000ஆம் ஆண்டு வெளியான ஹோப் ஆய்வில் 9,000க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், அவர்களில் சீனி வருத்தக்காரரும் பலர். ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் ஈயைப் பல வருடம் கொடுத்தும் மாரடைப்பு குறையவில்லை. சீனியைக் கட்டுக்குள் வைத்தால் அந்த அரிப்பின் வேரே தளரும்.

சிறுநீரகம் பழுதானவர்கள் சாறு பக்கம் போகவே வேண்டாம். பச்சை இலையின் பொட்டாசியத்தை வெளியேற்ற அவர்களின் சிறுநீரகத்தால் முடியாது, அது இதயத்துடிப்பைக் குழப்பிவிடும். சீனிக்கு நல்லதென்று பிலிங்காய்ச் சாறு, காமரங்காய்ச் சாறு குடித்து, அதிலுள்ள ஒட்சலேற் என்ற உப்பு படிந்து சிறுநீரகம் செயலிழந்தவர்கள் பற்றி நம் நாட்டு வைத்தியர்களே எழுதியிருக்கிறார்கள்.

பெரியம்மாவிடம் நான் சொன்னது ஒன்றுதான். அவர் விழுங்கும் மெட்போமினின் பூர்வீகமும் ஒரு செடிதான். அந்தச் செடியின் சரக்கில் நஞ்சு இருந்ததால், அதைத் திருத்தி, அளவு கண்டு, 1957இல் பிரான்சில் நோயாளருக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். "அப்ப இதுவும் மூலிகைதானா?" என்று குளிசையைக் கையில் வைத்துப் பார்த்தார். இப்போது குளிசை தவறுவதில்லை. கிழமைக்கு இரண்டு நாள் கொவ்வைச் சுண்டல். அதை எந்த நாள் சாப்பிட்டார், அன்று சீனி எவ்வளவு என்று கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி, டொக்டரிடம் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் விரித்துக் காட்டுகிறார்.