சீப்பு பட்டாலே வலிக்கிறதா?

ஒற்றைத் தலைவலி வந்த நாளில், முடியின் வேர்க்கால் எல்லாம் வலிக்கிறது, சீப்பே வைக்க முடியவில்லை என்று சொல்லிப் பாருங்கள். 'பொடுகா இருக்கும், எண்ணெய் வை' என்பார்கள். அதோடு விடாமல் உச்சந்தலையில் எண்ணெய் ஊற்றி அழுத்தித் தேய்க்கவும் செய்வார்கள். பாசம்தான், ஆனால் உயிர் போகும். துண்டை இறுக்கிக் கட்டுவதும் சிலருக்கு இதம், இந்தக் கட்டத்தில் பலருக்கு எரிச்சல்.

கோளாறு தோலில் இல்லை. முகத்திலிருந்தும் தலையிலிருந்தும் வரும் வலியை வாங்கும் மூளைத்தண்டு நரம்புச் செல்கள், ஓயாமல் தூண்டப்பட்டதில், சும்மா தொட்டதையும் வலி என்றே மேலே அனுப்புகின்றன. மருத்துவர்கள் இதை அலோடைனியா என்கிறார்கள். எனக்கு முதலில் காட்டிக்கொடுப்பது கம்மல். காலையில் போட்டது நினைவே இருக்காது. வலி ஏற ஏற, திருகாணி காதுமடலில் உறுத்தத் தொடங்கும். அப்புறம் கண்ணாடி, தலையணை. சிலருக்குக் கையில் கட்டிய வாட்ச்கூடத் தாங்காது. இந்தக் கூச்சம், உடல் முழுவதிலிருந்தும் வரும் உணர்வுகளை வாங்கி அனுப்பும் மூளைப் பகுதியான தலாமஸ் வரை பரவிவிட்டால் அப்படித்தான்.

'இன்னும் கொஞ்சம் தாங்கிப் பார்ப்போம்' என்று மாத்திரையைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய தவறு. தலைவலி ஆய்வாளர் ராமி பர்ஸ்டீன் குழுவினர் 2004இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், தோல் கூசத் தொடங்கும் முன், ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மருந்து எடுத்தபோது 93 சதவீதத் தாக்குதல்களில் வலி முழுதாக நின்றது. கூசிய பிறகு எடுத்தபோது 15 சதவீதத்தில்தான். இது மருத்துவர் எழுதித்தர வேண்டிய மருந்து. இதய நோய் உள்ளவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை.

அதற்காக, லேசாகக் கனத்தாலே மாத்திரையைப் பிரிப்பதும் ஆபத்து. மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ டிரிப்டான், 15 நாளோ அதற்கு மேலோ பாரசிட்டமால் என்று மாதக்கணக்கில் போனால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அத்தனை நாள் வலிக்கிறது என்றால், வலி வராமல் தடுக்கும் மருந்து பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். தலை வார முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்பது அபூர்வம்.

வயது 50ஐத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி, நெற்றிப்பொட்டைத் தொட்டால் வலி, மென்றால் தாடை வலி என்றால் ஒற்றைத் தலைவலி என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். தலையின் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம், பார்வையே போகலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.