பெப்பர்கிராஸ்: இலையைப் பார்த்து இனம் சொல்லிவிடாதீர்கள்

சாலையோரம், தரிசு நிலம், சரளைக்கல் கொட்டிய இடம் என்று எங்கே மண் கிளறப்பட்டிருக்கிறதோ அங்கெல்லாம் முழங்கால் உயரத்தில் ஒரு களை நிற்கும். கிளை நுனிகளில் பொடிப்பொடி வெள்ளைப் பூக்கள், அதற்குக் கீழே தட்டையான காசு மாதிரி காய்கள் வரிசையாக. காயைக் கடித்தால் நாக்கில் லேசாகக் காரம் ஏறும். இதைத்தான் ஆங்கிலத்தில் பெப்பர்கிராஸ், பெப்பர்வீட் என்கிறார்கள். பெயரில் புல் இருந்தாலும் இது புல் கிடையாது, கடுகுக் குடும்பத்துச் செடி. பேரினத்தின் பெயர் லெப்பிடியம், உலகம் முழுக்க 200 இனங்களுக்கு மேல் உண்டு. லெப்பிடியம் என்றால் கிரேக்கத்தில் சின்னச் செதில் என்று பொருள், காயின் உருவத்தைப் பார்த்து வைத்த பெயர். பெயர் வைத்தவர்கள் காயைப் பார்த்திருக்கிறார்கள், நாம்தான் செடியைக் கண்டதும் இலைக்குப் போய்விடுகிறோம். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

இலையை நம்பினால் ஏன் மோசம் போகிறோம் என்றால், ஒரே செடியில் அடியிலை ஒரு மாதிரி, நடுவிலை வேறு மாதிரி, நுனியிலை இன்னொரு மாதிரி இருக்கும். லெப்பிடியம் வர்ஜினிக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், உலகெங்கும் பரவியிருப்பதால் அடிக்கடி கண்ணில் படுவது இதுதான். இளம் செடியாகத் தரையோடு படர்ந்திருக்கும்போது அதன் அடியிலைகள் ஆழமாகக் கிழிந்து, நுனியில் பெரிய மடலோடு இருக்கும். பூக்கிற நேரத்தில் அவை காய்ந்து உதிர்ந்துவிடும், மிஞ்சுவது தண்டில் இருக்கும் ஒடுங்கிய, ஓரத்தில் பல் வைத்த இலைகள்தான். இளஞ்செடியையும் பூத்த செடியையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் வேறு வேறு இனம் என்று சத்தியம் செய்யத் தோன்றும். போதாததற்கு, வறண்ட மண்ணில் வளர்ந்தது குச்சி மாதிரி நிற்கும், ஈரத்தில் வளர்ந்தது பெரிய இலைகளோடு தழைத்திருக்கும்.

அதற்காக இலையைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. இலையில் ஓர் இடம் மட்டும் நம்பிக்கையானது: தண்டு இலையின் அடிப்பகுதி, அதாவது இலை தண்டோடு சேரும் இடம். அது குறுகி முடிகிறதா, அல்லது இரண்டு காதுகள் போல நீண்டு தண்டைத் தழுவுகிறதா? வர்ஜினிக்கத்தில் குறுகித்தான் முடியும். லெப்பிடியம் கம்பெஸ்ட்ரேயில் அம்பு நுனியைத் திருப்பி வைத்தது போல காதுகள் தண்டை அணைத்திருக்கும். பெர்ஃபோலியேட்டம் இனத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், மேலிலைகள் வட்டமாகத் தண்டையே சுற்றிக்கொள்ளும், தண்டு இலையைத் துளைத்துக்கொண்டு போவது போல இருக்கும். ஆனால் அதே செடியின் அடியிலைகள் கொத்தமல்லித் தழை மாதிரி பொடியாகப் பிரிந்தவை! கீழே மட்டும் பார்த்தவரும் மேலே மட்டும் பார்த்தவரும் ஒரே செடிக்கு இரண்டு பெயர் சொல்வார்கள்.

அடுத்த தவறு கொஞ்சம் அடிப்படையானது. கையில் இருப்பது லெப்பிடியம்தானா என்று உறுதி செய்யாமலே எந்த இனம் என்று தேட ஆரம்பித்துவிடுவது. நான்கு இதழ் வெள்ளைப் பூ, தட்டைக் காய் என்றதும் முடிவு கட்டிவிடக் கூடாது. கேப்செல்லா என்ற செடியும் இதே மாதிரி இடங்களில்தான் வளரும், அதன் காய் தலைகீழ் முக்கோணமாக இருக்கும், பிரித்தால் உள்ளே நிறைய விதைகள். திலாஸ்பி ஆர்வென்சே என்ற செடியின் காய் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகும், சுற்றிலும் அகலமான சிறகு, காயின் இரண்டு அறைகளிலும் பல விதைகள். லெப்பிடியத்தில் அறைக்கு ஒரே விதை, காய்க்கு மொத்தம் இரண்டுதான். இந்த ஒரு சோதனைக்கு நகம் போதும், எந்தக் கருவியும் வேண்டாம்.

லொபுலேரியா மாதிரி சில செடிகளிலும் அறைக்கு ஒரே விதைதான், அங்கே விதையை எண்ணுவது கை கொடுக்காது. இரண்டு அறைகளையும் பிரிக்கும் நடுச்சுவரைப் பாருங்கள். லெப்பிடியத்தின் காய் அந்தச் சுவருக்குக் குறுக்காக நசுங்கியிருக்கும். அதனால் காயின் தட்டைப் பக்கத்தைப் பார்த்தால் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடும், சுவர் மிகக் குறுகலானது, இரண்டு பக்க ஓடுகளும் சின்னத் தோணிகள் போல இருக்கும். லொபுலேரியாவிலோ சுவர் காயின் முழு அகலத்துக்கும் விரிந்திருக்கும், ஓடுகள் உதிர்ந்த பிறகு கண்ணாடித்தாள் மாதிரி ஒரு வட்டம் காம்பிலேயே நிற்கும். காய்ந்த செடியில்கூட இதைப் பார்த்துவிடலாம், எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் இது.

சரி, பூவுக்கு வருவோம். பூ மிகச் சிறியது, ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், பத்து மடங்கு உருப்பெருக்கி இல்லாமல் பார்த்துப் பயனில்லை. கடுகுக் குடும்பம் என்றால் ஆறு மகரந்தத்தாள் என்று பள்ளியில் படித்ததை வைத்துக்கொண்டு, இரண்டே இருப்பதைப் பார்த்ததும் நான்கு உதிர்ந்துவிட்டது போல என்று நினைப்பவர்கள் நிறைய. உதிரவில்லை. லெப்பிடியத்தின் வர்ஜினிக்கம், டென்சிஃப்ளோரம், ருடரேல் ஆகிய மூன்று இனங்களிலும் பொதுவாக இரண்டுதான் இருக்கும். கம்பெஸ்ட்ரே, டிராபா, லாட்டிஃபோலியம் இவற்றில் ஆறு. ஆக, மகரந்தத்தாளை எண்ணினாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும், ஆனால் முதலில் எண்ண வேண்டும்.

எண்ணுவதற்கு எந்தப் பூவை எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். கொத்தின் நுனியில் மொட்டு, அதை ஒட்டிப் புதுப் பூ, கீழே போகப்போகக் காய் என்றுதான் இந்தச் செடியில் அடுக்கு இருக்கும். கீழ்ப் பூக்களில் இதழ் கொட்டியிருக்கும், அதைப் பார்த்துவிட்டு இதழே இல்லாத இனம் என்று எழுதிவிட்டால் தேடல் முழுக்கத் தப்பான பாதையில் போய்விடும். அன்றைக்கு மலர்ந்த பூவாக நாலைந்து எடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு பூவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

இந்தக் கவனம் எல்லாம் மிக அதிகமாகத் தேவைப்படுவது வர்ஜினிக்கத்தையும் டென்சிஃப்ளோரத்தையும் பிரிக்கும்போது. ஒரே உயரம், ஒரே மாதிரி இலை, ஒரே மாதிரி இடம். வர்ஜினிக்கத்தில் வெள்ளை இதழ்கள் புல்லிதழை, அதாவது மொட்டை மூடியிருந்த வெளி இதழைத் தாண்டி வெளியே தெரியும், டென்சிஃப்ளோரத்தில் இதழே இருக்காது, இருந்தாலும் புல்லிதழுக்குள் ஒளிந்த ஒரு நூல்தான். காயில், எந்த இடத்தில் அகலம் அதிகம் என்று பாருங்கள். வர்ஜினிக்கத்தின் காய் கிட்டத்தட்ட வட்டம், நடுவில்தான் அகலம். டென்சிஃப்ளோரத்தில் நடுவுக்கு மேலே, நுனிப்பக்கம் அகலம் கூடும். இரண்டும் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் அளவுதான் என்பதால் அளவைப் பார்த்துப் பிரிக்க முயல்வது வீண் வேலை.

இதிலும் சந்தேகம் தீரவில்லை என்றால் விதைக்குள் போக வேண்டும். பலர் பயந்து ஒதுக்கும் சோதனை, ஆனால் ஒரு பிளேடு இருந்தால் போதும். முற்றிய விதையைக் கொஞ்ச நேரம் ஊறவைத்தால் மேலே வழவழப்பாக ஒரு பசை வரும், அதைத் துடைத்துவிட்டு நடுவில் குறுக்காக வெட்டி உருப்பெருக்கியில் பாருங்கள். ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு பட்டைகள் தெரியும், அவை விதையிலைகள். பக்கத்தில் ஒரு வட்டப் புள்ளி தெரியும், அது முளைவேர். புள்ளி பட்டைகளின் ஓரத்தை ஒட்டி, இரண்டும் சேரும் விளிம்பில் நின்றால் வர்ஜினிக்கம். ஒரு பட்டையின் முதுகில் சாய்ந்திருந்தால் டென்சிஃப்ளோரம். முதல் ஓரிரண்டு விதைகள் நசுங்கிப்போகும், விடாமல் ஐந்தாறு வெட்டிப் பாருங்கள்.

காயைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. இளம் காயை வைத்து உருவத்தை முடிவு செய்யக் கூடாது, கொத்தின் கீழ்ப்பாதியில் வெளிர் மஞ்சளாக மாறிய காயைத்தான் எடுக்க வேண்டும். அதன் நுனியில் ஒரு பள்ளம் இருக்கிறதா, சூலகத்தண்டு, அதாவது பூவின் சூலகத்திலிருந்து காய் நுனியில் மிஞ்சி நிற்கும் சின்னக் குச்சி, அந்தப் பள்ளத்துக்குள்ளேயே நிற்கிறதா, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். கம்பெஸ்ட்ரேயில் அது பள்ளத்தின் விளிம்பை ஒட்டியே முடிந்துவிடும், காயின் மேல் பொடிப்பொடியாகக் கொப்புளம் மாதிரி புள்ளிகள் இருக்கும். அதோடு குழப்பிக்கொள்ளும் ஹெட்டரோஃபில்லம் இனத்தில் சூலகத்தண்டு நன்றாக வெளியே நீளும், காயும் பெரும்பாலும் வழவழப்பு. டிராபாவில் பள்ளமே கிடையாது, காய் தலைகீழ் இதயம் மாதிரி உப்பியிருக்கும், முற்றினாலும் வெடிக்காது. டிடிமம் இனத்தின் காயைப் பார்த்தால் மறக்கவே மாட்டீர்கள், சுருக்கம் விழுந்த இரண்டு குட்டி உருண்டைகளை ஒட்டி வைத்தது மாதிரி.

சுவை, வாசனையை வைத்துச் சொல்பவர்களும் உண்டு. காரம் கடுகுக் குடும்பம் முழுக்க இருப்பது, இலையோ காயோ நசுங்கும்போது உருவாகும் கடுகெண்ணெய்ச் சேர்மங்களால் வருவது, அது இனத்தைக் காட்டிக் கொடுக்காது. களைக்கொல்லி தெளிக்கும் இடங்களில் வளரும் செடியைப் பெயர் தெரிவதற்காக வாயில் போடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். வாசனை கொஞ்சம் உதவும், ருடரேலையும் டிடிமத்தையும் கசக்கினால் ஒரு கெட்ட வாடை அடிக்கும். ஆனால் அது துணைச் சான்றுதான்.

படம் எடுப்பவர்கள் செடியை முழுதாக ஒரு படம் எடுத்துவிட்டுப் பெயர் கேட்கிறார்கள், அதில் மேலே சொன்ன எதுவுமே தெரியாது. அடியிலை, தண்டு இலை சேரும் இடம், புதுப் பூ, முற்றிய காய் இவற்றை அருகில் போய்த் தனித்தனியாக எடுங்கள், காய்க்குப் பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். வேரையும் பாருங்கள். ஒற்றை ஆணிவேரோடு பிடுங்க வந்தால் பெரும்பாலும் ஓராண்டு அல்லது ஈராண்டுச் செடி, மண்ணுக்கடியில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே போனால் டிராபா, லாட்டிஃபோலியம் மாதிரி பல்லாண்டு இனம். அவற்றின் வேர்த் துண்டைக் கண்ட இடத்தில் போட்டுவிடாதீர்கள், அங்கேயே முளைத்துவிடும்.

அப்புறம் பெயர். பழைய நூல்களில் டிராபா, கார்டேரியா என்ற பேரினத்திலும், டிடிமம், கொரோனோபஸ் என்ற பேரினத்திலும் இருக்கும். 2002இல் இரண்டையும் லெப்பிடியத்தோடு சேர்த்துவிட்டார்கள், ஆகவே பெயர் மாறியிருப்பதைப் பார்த்து வேறு செடி என்று நினைத்துவிட வேண்டாம். தமிழிலும் இதே சிக்கல் உண்டு. ஆளி என்ற பெயர் இந்தப் பேரினத்து லெப்பிடியம் சட்டைவத்துக்கும் புழங்குகிறது, நீலப் பூ பூக்கும் லைனம் செடிக்கும் புழங்குகிறது. லைனத்தின் பூவில் ஐந்து இதழ், சட்டைவத்தில் நான்கு.