உலக்கைப் பிடி, விலாங்குப் பிடி: வீட்டில் கத்திக்குப் பிடி போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் செய்த கத்திப் பிடியை நாலு பேர் கையில் கொடுத்துப் பார்த்தால் முதலில் வருவது கிண்டல்தான். "கத்தி கேட்டா உலக்கையை நீட்டுறியே" என்பார் ஒருவர். "நல்லாருக்கு" என்று ஒரு வார்த்தையில் முடித்துத் திருப்பிக் கொடுப்பவரைவிட இவரால்தான் பயன் அதிகம். பிடி சில மில்லிமீட்டர் தடித்துவிட்டது என்பதைத்தான் அவர் தன் பாணியில் சொல்கிறார். ஒவ்வொரு கிண்டலுக்கும் அடியில் இப்படி ஓர் அளவோ, விட்டுப்போன ஒரு வேலையோ இருக்கும்.

உலக்கைப் பிடி எப்படி உருவாகிறது? 10 மி.மீ. கட்டைகள் இரண்டு, நடுவில் 3 மி.மீ. இரும்பு. ஒட்டியதும் 23 மி.மீ. அதற்கு மேல் அரத்தை வைக்கப் பயந்து, ஓரத்தை மட்டும் உருட்டி நிறுத்திவிடுகிறார்கள். காய் நறுக்கும் கத்திக்குத் தடிமன் 18 முதல் 20, உயரம் 25 முதல் 28 மி.மீ., நீளம் 11 முதல் 12 செ.மீ. என்று தொடங்கலாம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அணைக்கும் முன்பகுதி நடுப்பகுதியைவிடச் சற்று ஒடுங்க வேண்டும். குறுக்குவெட்டு முழு வட்டமாக இருக்கக் கூடாது. கண்ணை மூடிப் பிடித்தாலும் கூர் எந்தப் பக்கம் என்று உள்ளங்கைக்குத் தெரிய, முட்டை வடிவம் வேண்டும். நல்ல மரத்தைத் தொடுமுன் மலிவான மென்மரத்தில் ஒரு மாதிரி செய்து, கத்தியில் டேப்பால் கட்டி, கால் மணி நேரம் கேரட் நறுக்கிப் பாருங்கள். உறுத்தும் இடம் தானாகத் தெரிந்துவிடும்.

"இது யார் கைக்கு அளவெடுத்துத் தைச்சது?" என்ற கேள்வி, விரலுக்கு ஒரு பள்ளம் வீதம் நான்கு பள்ளம் குடைந்த பிடிக்கு வரும். படத்தில் பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் பள்ளங்கள் ஒரே கைக்கும் ஒரே பிடிப்புக்கும் மட்டுமே பொருந்தும். கையைக் கொஞ்சம் முன்னே நகர்த்தினால் மேடுகள் விரலுக்குள் குத்தும். ஆள்காட்டி விரல் நழுவி அலகுக்குப் போகாமலிருக்க ஒரே ஒரு பள்ளம், அதுவும் 2, 3 மி.மீ. ஆழத்தில், போதும். இழைத்தெடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது என்பதால், இந்தத் தவறைத் திருத்துவது கடினம்.

நறுக்கும்போது விரல் முட்டி பலகையில் இடித்தால் "தாளம் போடுறியா?" என்பார்கள். பிடியின் அடிக்கோட்டுக்கும் கூரின் கோட்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இல்லாததுதான் காரணம். அகலமான அலகில் பிடியை மேலே தள்ளி, அலகின் முதுகை ஒட்டி வைத்தால் சரியாகும்.

பிடி ஆடத் தொடங்கினால் "தலையாட்டி பொம்மை" என்ற பெயர் நிச்சயம். உடனே எல்லோரும் பசையைத் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றம் பசையுடையதல்ல. பளபளவென்று தேய்த்த இரும்பில் எபாக்சி (இரண்டு பகுதிகளைக் கலந்து பயன்படுத்தும் பசை) சரியாகப் பிடிக்காது, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அறவே பிடிக்காது. பிடிக்குள் போகும் இரும்பு வாலின் இரு பக்கத்தையும், கட்டைகளின் உட்பக்கத்தையும் 80ஆம் எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். வாலை அசிட்டோனால் துடைத்த பிறகு விரலால் தொடாதீர்கள். 5 நிமிடத்தில் இறுகும் எபாக்சி வேண்டாம். ஈரத்துக்கும் சூட்டுக்கும் அது மெதுவாக இறுகும் வகை அளவுக்குத் தாங்காது. முழுதாக இறுக 24 மணி நேரம் எடுக்கும் வகையே இதற்கு ஏற்றது. இரண்டு பகுதிகளையும் புட்டியில் சொன்ன விகிதத்தில் கலக்க வேண்டும். இறுக்கும் பகுதியைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்பது தப்புக்கணக்கு, மிச்சம் பிசுபிசுவென்றே கிடக்கும். ஒட்டியதை அழுத்திப் பிடிக்கும் கிளாம்பை முழு பலத்தோடு முறுக்குவதும் தவறு. பசை முழுதும் வெளியே பிதுங்கி, உள்ளே பசையில்லாத இணைப்புதான் மிஞ்சும். ஓரத்தில் மெல்லிய கோடாகப் பசை எட்டிப் பார்த்ததும் நிறுத்துங்கள்.

பசையை மட்டும் நம்பாமல் ஆணியும் வேண்டும். 6 மி.மீ. பித்தளை ஆணிக்கு இரும்பில் 6.2 மி.மீ. துளை போட்டால் லேசாக நுழையும். இறுக்கமான துளையில் சுத்தியலால் அடித்து இறக்கினால் அன்றே மரம் பிளக்கும், அல்லது அடுத்த கோடையில் பிளக்கும். இரும்பைச் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமேற்றும் முன்பே துளையிடுங்கள். கடினமேறிய பிறகு சாதாரண டிரில் பிட் முனை மழுங்கி நிற்கும். அலகைப் பார்த்திருக்கும் கட்டைகளின் முன்முகத்தை ஒட்டும் முன்பே வழுவழுப்பாக்கி முடித்துவிட வேண்டும். ஒட்டியபின் அங்கே உப்புத்தாள் போட்டால் அலகெல்லாம் கீறல்.

ஒட்டியபின் பெல்ட் சாண்டரில் (உப்புத்தாள் பட்டை சுழலும் இயந்திரம்) உருவம் கொடுக்கும்போது பித்தளை ஆணி சட்டென்று சூடேறி, சுற்றியுள்ள எபாக்சியை இளக்கும். ஆணியின் தலையில் விரலை வைத்து எடுக்காமல் இருக்க முடியவில்லை என்றால் நிறுத்தி ஆறவிடுங்கள். வால் முழுதும் மரத்துக்குள் மறையும் பிடியில் இரண்டு விஷயம்: வால் பிடியின் மூன்றில் இரண்டு பங்கு நீளமாவது உள்ளே போக வேண்டும், அலகும் வாலும் சேரும் உள்மூலை வளைவாக இருக்க வேண்டும். செங்கோணமாக வெட்டிய மூலையில்தான் இரும்பு முறியும்.

சில மாதங்களில் பிடியின் ஓரத்தில் இரும்பு எழும்பி உள்ளங்கையை உரசினால், இரும்பு வளரவில்லை, மரம் சுருங்கியிருக்கிறது. ஈரப்பதம் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மரமே ஏற்றது. அளக்கக் கருவி இல்லையென்றால் கட்டையை வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றபிறகு பயன்படுத்தலாம்.

"விலாங்குக்குப் பிடி போட்டிருக்கே" என்பது கண்ணாடிபோல் மினுக்கிய பிடிக்கான பாராட்டு. 2000ஆம் எண் உப்புத்தாள், அதன்மேல் மூன்று பூச்சு வார்னிஷ்: ஈரக்கையில் வழுக்குவதற்கு வேறென்ன வேண்டும்? 320 அல்லது 400இல் நிறுத்துங்கள். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் மரத்தின் நார் எழும்பும். அதை லேசாகத் தேய்த்துவிட்டு எண்ணெய் பூசினால் போதும்.

கடைசியாக, கிண்டலுக்கு இடமில்லாத சில. பிடி வேலை முடியும்வரை அலகை அட்டையும் டேப்பும் சுற்றி மூடிவையுங்கள். தீட்டுவது எல்லாவற்றுக்கும் பிறகுதான். கருங்காலி, ஈட்டி போன்ற மரங்களின் தூசு சிலருக்கு ஒவ்வாமை தரும், மரத்துக்குப் பதில் பிடிக்குப் போடும் கண்ணாடியிழைப் பலகையின் தூசு நுரையீரலுக்கு ஆகாது. ஆகவே துணிக்கட்டு போதாது, தூசு வடிகட்டும் முகக்கவசமே வேண்டும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் காயும்போது எழும் சூடு சுருட்டலுக்குள் தேங்கி, தானாகவே தீப்பிடிக்கக்கூடும். வெளியே ஒற்றைத் துணியாக விரித்துக் காயவையுங்கள், இல்லையேல் தண்ணீரில் அமிழ்த்தி மூடிவையுங்கள்.