மே மாதத்தில் உந்தியு தேடாதீர்கள்

ஊர் ஊராகப் போய்ச் சாப்பிடக் கிளம்புகிறவர்கள் பட்டியலை எனக்கு அனுப்பிவிட்டு, "ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். பார்த்தால், ஆரம்பத்தில் நான் எழுதிக்கொண்டு அலைந்த பட்டியலேதான். பாட்டில் தண்ணீர் குடியுங்கள், ஈ மொய்ப்பதைத் தொடாதீர்கள் என்பதையெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லி அனுப்பியிருப்பார். நான் வேறு சிலவற்றைச் சொல்கிறேன்.

டிக்கெட்டை முதலில் போட்டு, பட்டியலைப் பிறகு எழுதுவது

எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன்.

நம் வீடுகளில் பெரிய பயணம் என்றால் ஏப்ரல் கடைசி அல்லது மே. பரீட்சை முடிந்துவிடும், பிள்ளைகளுக்கு லீவு, டிக்கெட்டும் எப்போதோ போட்டாயிற்று. அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதுவார்கள். சூரத்தில் காய்கறிக் கலவையான உந்தியு, வாரணாசியில் பால்நுரையான மலய்யோ, கொல்கத்தாவில் ஈச்ச வெல்ல இனிப்பான நோலென் குர் சந்தேஷ், அமிர்தசரஸில் கடுகுக்கீரை மசியலான சர்சோன் கா சாக். அத்தனையும் குளிர்காலச் சாப்பாடு. மே மாதத்தில் அசல் கிடைக்காது. கிடைக்கிறது என்று எவராவது சொன்னால் அது இன்னும் மோசம்.

ஒரு கோடையில் தெரிந்த தம்பி ஒருவன் கொல்கத்தாவிலிருந்து வீடியோ காலில் வந்தான். கையில் சந்தேஷ். "அண்ணே, கிடைக்காதுன்னு சொன்னீங்களே, பாருங்க!" என்று வாயில் போட்டான். இரண்டு தடவை மென்றதும் முகம் மாறியது. "இவ்வளவுதானா?" அந்த ஒரு கேள்விதான் எனக்கு ஆகவே ஆகாது. விமான டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தைவிடப் பெரிய நஷ்டம் அதில் இருக்கிறது. இனி அவன் வாழ்நாளில் அதைத் திரும்பத் தேடமாட்டான். பத்துப் பேரிடம் "அதுல ஒண்ணுமில்ல" என்றும் சொல்லுவான்.

அவன் சாப்பிட்டது குளிர்காலத்தில் காய்ச்சி அடைத்து வைத்த பாகில் செய்ததாக இருக்கலாம், வெறும் எசன்ஸாகவும் இருக்கலாம். நோலென் குர் என்பது ஈச்ச மரத்துச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் வெல்லம். மாலையில் மரத்தைச் சீவிப் பானை கட்டுவார்கள். விடியும் முன் இறக்கிவிடுவார்கள். இரவு குளிர்ந்தால்தான் சாறு புளிக்காமல் தெளிவாக இருக்கும். சூடு ஏறினால் அது கள். அதனால் ஏறத்தாழ டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் அதன் காலம். நமக்குப் பதநீர் கோடையில் இறங்குவதால், மரத்துச் சாறு என்றாலே வெயில்காலம் என்று மனதில் பதிந்திருக்கிறது. அங்கே நேர்மாறு. அதே வெல்லத்தில் கனகசூர் நெற்பொரியை உருட்டிச் செய்யும் ஜெயநகர் மோயாவுக்கும் இதே கணக்குதான். புவிசார் குறியீடு பெற்ற பண்டம் என்பதற்காக அது வருடம் முழுக்கக் கிடைத்துவிடாது.

மலய்யோ கதை இதைவிடக் கறார். காய்ச்சிய பாலை இரவு முழுக்கத் திறந்த வெளியில் பனியில் வைக்கிறார்கள். விடிகாலையில் கடைந்து, மேலே எழும்பும் நுரையை மட்டும் வழித்தெடுக்கிறார்கள். வாரணாசியின் சந்துகளில் டிசம்பர் காலையில் பார்க்க வேண்டும். பெரிய பாத்திரத்தில் குங்குமப்பூ மஞ்சளில் நுரை குவிந்திருக்கும். கரண்டியால் எடுத்து மண் குவளையில் வைப்பார், மேலே நறுக்கிய பிஸ்தா. நாக்கில் வைத்தால் மெல்வதற்கு ஒன்றுமே இல்லை, ஏலக்காய் வாசனை மட்டும் நிற்கும். நுரை தீர்ந்ததும் குவளையைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அதே குவளையில் கொஞ்சம் குங்குமப்பூப் பால் ஊற்றித் தருவார்கள். வெயில் ஏற ஏறப் பாத்திரத்தில் நுரை அமர்ந்துகொண்டே வரும். டெல்லியில் இதன் உறவுக்காரப் பண்டத்துக்கு தௌலத் கி சாட் என்று பெயர், லக்னோவில் மக்கன் மலாய். எல்லா ஊரிலும் பருவம் ஒன்றே.

உந்தியுவுக்கு வருவோம். சூரத் பாப்டி அவரை, ஊதா நிற வள்ளிக்கிழங்கு, சர்க்கரைவள்ளி, வெந்தயக்கீரை உருண்டை என்று போகும் கலவை அது. பழைய முறையில் மண்பானையைக் கவிழ்த்துப் புதைத்து மேலே தீ மூட்டுவார்கள். அந்தப் பச்சை அவரையும் கிழங்கும் குளிரில்தான் வரும். நம் பொங்கல் குழம்பில் மொச்சையும் கிழங்கும் விழுகிற அதே நாட்கள். குஜராத்தில் அன்றைக்கு உத்தராயண். வீட்டு மாடிகளில் பட்டம், தட்டில் உந்தியு. நமக்குத்தான் பொங்கல் லீவு இருக்கிறதே, அப்போது போகலாம். இளஞ்சோளத்தைச் சுட்டு உதிர்த்து, சேவும் எலுமிச்சையும் சேர்த்துத் தரும் பொங்க்கையும் அதே பயணத்தில் முடித்துவிடலாம்.

அதனால் நான் சொல்வது ஒன்றே: வடக்கே சாப்பிடப் போவதென்றால் அரையாண்டு விடுமுறைக்குப் போங்கள். பனிமூட்டத்தில் ரயில் மணிக்கணக்கில் தாமதமாகும், விமானமும் தாமதமாகும். அதற்கு ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கிவிடுங்கள். ஸ்வெட்டர் கனத்தைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

மே மாதம்தான் முடியும் என்றால் பட்டியலை மாற்றுங்கள். கொங்கணத்தில் ஹாபுஸ் மாம்பழம், மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் பூரியோடு மாம்பழக் கூழான ஆம்ரஸ். ஒடிசாவில் பகாளா, அதாவது தண்ணீர் ஊற்றிப் புளித்த சோறு. பக்கத்தில் வறுத்த வடகத்தை நொறுக்கித் தருவார்கள். பழையதில் வளர்ந்தவர்களுக்கு அதைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. பீகாரில் சத்து என்கிற வறுத்த கடலை மாவைக் கரைத்த சர்பத், மாதக் கடைசியில் போனால் முசாபர்பூர் லிச்சி.

கடலோரம் போகிறவர்கள் இன்னொரு தேதியையும் குறித்துக்கொள்ள வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை என்பது நமக்கே தெரியும். அது நம் கரையோடு நிற்பதில்லை, விசாகப்பட்டினம், பூரி என்று வங்காளம் வரை உண்டு. கோவாவில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மழையில் கோவா அழகுதான், ஆனால் அந்த நாட்களில் தட்டில் வரும் பெரிய மீன் பெரும்பாலும் ஐஸில் கிடந்ததாக இருக்கும். உள்ளூர்க்காரர்கள் கோடையிலேயே கருவாடு வாங்கிச் சேர்த்து வைத்திருப்பார்கள். உலர்ந்த இறாலும் தேங்காயும் சேரும் கிஸ்மூரைக் கேட்டுச் சாப்பிடுங்கள்.

கோதுமையும் இறைச்சியும் குழைய வேகும் ஹைதராபாத் ஹலீமுக்கு ரம்ஜான் மாதம். அது ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னால் நகரும். போன வருடத் தேதியை வைத்து ரயில் ஏறாதீர்கள்.

விடுதியின் இலவசக் காலை உணவு

ஊரே காலையில்தான் சமைக்கிறது, நாம் அறைக்குக் கீழே ஆறிப்போன இட்லியையும் பிரெட் டோஸ்ட்டையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். "காசு கொடுத்தாச்சே" என்ற ஒரே காரணம். இந்தூரில் சேவும் ஜீராவன் பொடியும் தூவிய போஹாவும் ஜிலேபியும், வாரணாசியில் கச்சோரி சப்ஜி, அமிர்தசரஸில் குல்சா, ஸ்ரீநகரில் குளிர்காலக் காலைக்கென்றே இரவெல்லாம் வேகும் ஆட்டிறைச்சி ஹரிஸா. இவை எதுவும் நீங்கள் பத்து மணிக்குக் குளித்துக் கிளம்பும்வரை காத்திருக்காது. அறை எடுக்கும்போதே காலை உணவு இல்லாத வாடகையைக் கேளுங்கள்.

இந்தூரிலேயே இரவுக்கும் ஒன்று உண்டு. சராஃபா பஜாரில் நகைக்கடைகள் ஷட்டரை இறக்கிய பிறகுதான் சாப்பாட்டுக் கடைகள் வரும். ஏழு மணிக்கே போய் நின்றுகொண்டு, "ஒண்ணுமே காணோமே" என்று எனக்கு போன் போட வேண்டாம்.

எப்படிச் சாப்பிடுவது என்று பார்க்காமல் தொடங்குவது

ராஜஸ்தானில் 'பாட்டி' என்கிற சுட்ட கோதுமை உருண்டையை பன் மாதிரி கடித்துவிட்டு, "கல்லு மாதிரி இருக்கு" என்று வைத்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை உடைத்து நொறுக்கி, மேலே தாலும் நெய்யும் ஊற்றிப் பிசைய வேண்டும். மங்களூர் கோரி ரொட்டியில், அதாவது மொறுமொறு அரிசி ரொட்டியில், கோழிக் குழம்பை ஊற்றினால் பாதி ஊறி பாதி மொறுமொறுவென்று இருக்கும்போதே சாப்பிட வேண்டும், போட்டோ எடுத்து முடிப்பதற்குள் அது கூழாகிவிடும். கோலாப்பூரில் வரும் வெள்ளை ரசா என்கிற இறைச்சிச் சாற்றைக் கிண்ணத்தோடு குடிக்கலாம், சோற்றுக்கென்று காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து மேசையை இரண்டு நிமிடம் பாருங்கள், போதும்.

இரண்டு பேர் போய் முழு திராமி சொல்வது

காஷ்மீரின் வாஸ்வான் விருந்தில் திராமி என்கிற பெரிய தட்டைச் சுற்றி நான்கு பேர் உட்காருவது வழக்கம். இரண்டு பேர் என்றால் இறைச்சி உருண்டையான ரிஸ்தா, வறுத்த விலா எலும்புக் கறியான தபக் மாஸ் என்று தனித்தனியாகச் சொல்லிக்கொள்ளுங்கள். தயிர்க் குழம்பில் மிதக்கும் இறைச்சி உருண்டையான குஷ்தாபா கடைசியில் வரும், அதற்கு வயிற்றில் இடம் வேண்டும்.

காரம் போதவில்லை என்பது

குஜராத்தி தாலில் வெல்லம் விழும். அது சாம்பார் இல்லை.

சைவம் என்று ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வது

வங்காளத்தில் முட்டைக்கோஸ் பொரியலில் மீன்தலை இருக்கலாம், சுரைக்காயில் இறால் இருக்கலாம், பருப்பிலும் மீன்தலை போட்டுச் சமைப்பதுண்டு. காய்கறி என்று மெனுவில் எழுதியிருப்பதை நம்பாமல், மீன், இறால், முட்டை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் கடுகெண்ணெய். வாசனை பிடிக்கவில்லை என்று முதல் வாயிலேயே தட்டைத் தள்ளாதீர்கள். மூன்றாவது வேளையில் பழகிவிடும். பழகவில்லை என்றால் இனிப்புக்கடைகள் இருக்கின்றன.

எல்லா ஊர் பிரியாணியையும் நம் ஊர் பிரியாணியோடு ஒப்பிடுவது

கொல்கத்தாவில் உருளைக்கிழங்கு இருக்கும். இருக்கட்டும்.

நான்காம் நாள் தயிர் சாதம்

தேடுங்கள். தப்பே இல்லை.

எல்லாவற்றையும் பார்சல் கட்டுவது

மலய்யோவைப் பார்சல் கேட்டவர் ஒருவர் உண்டு, அதைப் பற்றி மேலே எதுவும் சொல்வதற்கில்லை. மோயா சில நாள்தான் தாங்கும், வீட்டுக்கு வந்து பிரிக்கலாம் என்று ஊர் சுற்றப் போகாதீர்கள். ஈச்ச வெல்லம் வாங்குவதானால் கட்டியாக இருக்கும் பாட்டாலியை வாங்குங்கள். பாகாக இருக்கும் ஜோலா சீக்கிரம் கெடும், பெட்டிக்குள் கசிந்தால் துணியும் போயிற்று. வாங்குமுன் ஒரு துண்டு உடைத்துக் கொடுக்கச் சொல்லி வாயில் போட்டுப் பாருங்கள். வெறும் சர்க்கரைத் தித்திப்பு மட்டும் தெரிந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.