தோட்டத்தில் சைக்ளமன்: கிழங்கை எந்தப் பக்கமாக நடுவது?

ஆல்பைன் வயலட் என்றும் சொல்லப்படும் சைக்ளமன் என்ற கிழங்குப் பூச்செடியை நேரடியாகத் தோட்டத்து மண்ணில் வளர்க்கப் போகிறீர்களா? முதலில் இனத்தைப் பாருங்கள். பெரிய பூக்களோடு தொட்டியில் விற்பது பெரும்பாலும் பெர்சிகம். அது உறைபனி தாங்காது. பனி உறையும் இடங்களில் மண்ணில் நட ஏற்றவை ஹெடெரிஃபோலியம், கூம், பர்புராசென்ஸ் ஆகிய மூன்றும். ஆல்ப்ஸ் மலைக்காரி பர்புராசென்ஸ்தான். ஆனாலும் புதிதாக வளர்ப்பவருக்கு நான் ஹெடெரிஃபோலியத்தையே சொல்வேன். இலையுதிர் காலத்தில் பூத்து, பூ ஓய்ந்த பிறகும் கோலம் போட்டது போன்ற இலைகளைப் பனிக்காலம் முழுக்க வைத்திருக்கும்.

இடமும் மண்ணும்

இலை உதிர்க்கும் மரத்தடி போதும். செடி வளரும் மாதங்களில் மேலே இலை இருக்காது, வெளிச்சம் கிடைக்கும். கோடையில் நிழலும் கிடைக்கும், மர வேர்கள் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். களிமண்ணாக இருந்தால் பொடிக்கல்லும் இலைமட்கும் கலந்துகொள்ளுங்கள். சாணி உரம் வேண்டாம். இலை மட்டும் கொழுத்து வளரும்.

நடுவது

குழப்பம் இங்கேதான். கிழங்கு தட்டையான உருண்டை. வேர் இருக்கும் பக்கம் கீழே போக வேண்டும் என்று கை தானாக முடிவு செய்துவிடும். ஹெடெரிஃபோலியத்தில் அது தப்பு! அதன் வேர்கள் மேற்பகுதியிலிருந்தும் பக்கங்களிலிருந்தும் கிளம்புபவை. வழவழவென்று வேரில்லாமல் உருண்டிருப்பதுதான் அடிப்பக்கம். கூம் இனத்துக்கு நேர்மாறு, வேர் அடியிலிருந்தே வரும். அதனால் வேரைப் பார்க்காதீர்கள், முளையைத் தேடுங்கள். பழைய காம்புகளின் தழும்போ சிறு மொட்டு முனைகளோ இருக்கும் பக்கம்தான் மேல். எதுவும் தெரியவில்லையா? கிழங்கைப் பக்கவாட்டில் நிறுத்தி நட்டுவிடுங்கள், அதுவே வழி கண்டுபிடிக்கும்.

கிழங்கின் மேல் 3 முதல் 5 செ.மீ. மண், கிழங்குக்குக் கிழங்கு 15 செ.மீ. இடைவெளி. அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால், காய்ந்த கிழங்கே வாங்காதீர்கள். ரொம்ப நாள் காய்ந்தது பல சமயம் முளைக்காது. இலையோடு இருக்கும் நாற்றை வாங்கினால் மேல் கீழ் என்ற கேள்வியே எழாது. காட்டிலிருந்து தோண்டி விற்பதையும் தவிர்க்கலாம். சைக்ளமன் இனங்கள், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை.

தண்ணீர்

இலை இருக்கும் வரை மண் லேசாக ஈரமாக இருக்கட்டும். இலை மஞ்சளாகத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். செடி சாகவில்லை, தூங்குகிறது. பாவம் என்று அந்த நேரத்தில் தண்ணீர் ஊற்றினால் கிழங்கு அழுகிவிடும். பர்புராசென்ஸ் மட்டும் விதிவிலக்கு: பெரும்பாலும் இலை உதிர்க்காது, அதை முழுசாகக் காயவிடக் கூடாது. அப்புறம், தூங்கும் கிழங்கின் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். களை எடுக்கும்போது மண்வெட்டி பட்டு வெட்டுப்பட்ட கிழங்குகள் ஏராளம். அந்த இடத்துக்குச் சின்னக் களைக்கொத்துதான் சரி.

வாடிய பூவுக்குக் கத்தரிக்கோல் வேண்டாம். காம்பை அடியில் பிடித்துத் திருகி வெடுக்கென்று இழுத்தால் முழுசாக வந்துவிடும். பாதியில் வெட்டினால் மிச்சக் காம்பு அழுகிப் பூஞ்சணம் பிடிக்கும். விதை வேண்டுமென்றால் பூவை விட்டுவிடுங்கள். காம்பு ஸ்பிரிங் மாதிரி சுருண்டு காயைத் தரைக்கு இழுத்துவரும், மேலுள்ள இனிப்புப் பசைக்காக எறும்புகள் விதையைத் தூக்கிப் போகும்.

பின்சேர்க்கை

விதை முளைக்கவில்லை என்று சிலர் கேட்டிருந்தார்கள். பெரும்பாலும் காரணம் விதைமேல் வெளிச்சம் படுவதுதான். இரவு முழுக்க வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, விதைத்து, மண்ணால் மூடி, 15 டிகிரி செல்சியஸ் அளவில் இருட்டில் வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேலேயே ஆகலாம். பூப்பதற்கு ஓரிரு வருடமாவது போகும்.

நன்றாக இருந்த செடி திடீரென்று தொங்கினால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் தோண்டிப் பாருங்கள். பழுப்புத் தலையுள்ள வெள்ளைப் புழு சுருண்டு கிடந்தால் அது கூன்வண்டின் வேலை. புழுவைப் பொறுக்கிவிட்டு, கிழங்கு கெட்டியாக இருந்தால் புது மண்ணில் நடலாம். எடுத்துப்போட்ட கிழங்கை நாய், பூனை கடிக்கும்படி விடாதீர்கள். அதில் விஷம் உண்டு.