மீனுக்கு முன்னால் தண்ணீர்: வீட்டுப் பின்புற அக்வாபோனிக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன் வளரும் தண்ணீரைச் சுற்றவிட்டு, அதைக் கொண்டே மண் இல்லாமல் செடி வளர்க்கும் முறையே அக்வாபோனிக்ஸ். காட்பாடிப் பக்கம் உள்ள எங்கள் வீட்டின் பின்புறத்தில் 1,000 லிட்டர் மீன்தொட்டி ஒன்றையும், அதன் தண்ணீர் ஏறி வடியும் ஜல்லிப் படுகைகள் இரண்டையும் அமைத்து, மூன்றாம் நாளே நூறு ஜிலேபி (திலேப்பியா) மீன் குஞ்சுகளை விட்டேன். பத்து நாள் முடிவதற்குள் அவற்றில் பாதிக்கு மேல் செத்து மிதந்தன. தண்ணீர் அடி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது, மோட்டார் ஒரு நாளும் நிற்கவில்லை, தீவனமும் வேளை தவறவில்லை. ஆகவே குஞ்சுகள்தாம் நோயுற்றவை என்று முதலில் எண்ணினேன். உண்மையில் குறை தண்ணீரில் இருந்தது. அது கண்ணுக்குத் தெரியாத குறை.

மீன் தன் உடலின் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாகத் தண்ணீரில் விடுகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு, மூன்றாவது செடிக்கு உணவு. இந்தப் பாக்டீரியாக்கள் ஜல்லியின் மேல் குடியேறிப் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகும். அந்தக் காலம் முடியும் முன் மீனை விடுவதே தொடக்கக்காரர் செய்யும் முதன்மையான தவறு. மாறாக, மீன் இல்லாமலேயே தொட்டியை ஓடவிட்டு, பொடித்த மீன் தீவனத்தை நாள்தோறும் சிறிதளவு போட்டு அழுகவிட வேண்டும். அம்மோனியா ஏறும்; பிறகு அது இறங்க, நைட்ரைட் ஏறும்; கடைசியில் இரண்டும் பூஜ்யத்தை ஒட்டி வந்து நைட்ரேட் தென்படும். அதன் பின்னரே குஞ்சுகளை வாங்க வேண்டும். ஏற்கெனவே நன்றாக ஓடுகிற படுகையிலிருந்து இரண்டு கை ஜல்லியைக் கொண்டுவந்து போட்டால், பாலுக்கு உறை ஊற்றியதைப் போல இந்த வேலை விரைவாக நடக்கும். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் ஆகிய நான்கையும் பார்க்கும் சோதனைப் பெட்டி வண்ணமீன் கடைகளில் கிடைக்கிறது. மோட்டாரை வாங்கும் அன்றே அதையும் வாங்கிவிட வேண்டும்.

ஆனால் எங்கள் மாவட்டத்தில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. இங்கே பல இடங்களில் போர் தண்ணீர் கடினமானது. சுண்ணாம்பும் பைகார்பனேட்டும் மிகுந்தது. எங்கள் போரிலிருந்து அப்போதே பிடித்த தண்ணீரின் பிஎச் 7.4 என்று காட்டியது. அதை நம்பித்தான் தொட்டியை நிரப்பினேன். நிலத்தடியில் தண்ணீரோடு கலந்திருக்கும் கரியமில வாயு பிஎச்சைத் தாழ்த்திக் காட்டும் என்பதும், காற்று பட்டு அந்த வாயு வெளியேறியதும் பிஎச் ஏறிவிடும் என்பதும் எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அதே தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, ஏர் பம்ப் போட்டு, மறுநாள் சோதித்தபோது 8.2 காட்டியது. ஆகவே குழாயடியில் எடுத்த அளவை நம்பாமல், ஒரு நாள் காற்றோட்டத்தில் வைத்த தண்ணீரையே சோதிக்க வேண்டும்.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தண்ணீரில் உள்ள அம்மோனியா முழுவதும் நஞ்சு அன்று; அதில் அயனியாகாத பகுதியே, அதாவது மின்னூட்டம் பெறாமல் வாயுவாகவே கரைந்திருப்பதே, மீனைக் கொல்கிறது. தண்ணீரின் வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது, பிஎச் 7 ஆனால் அந்தப் பகுதி நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, 8 ஆனால் ஏழுக்கும் மேல், 8.5 ஆனால் ஏறத்தாழ இருபது. வேறோர் ஊரில் மென்மையான தண்ணீரை வைத்திருப்பவருக்குத் தீங்கு செய்யாத அதே அளவு அம்மோனியா, எங்கள் தொட்டியில் மீன்களைக் கொன்றுவிடுகிறது. பிறர் அனுபவத்தில் கிடைத்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டது என்னுடைய இரண்டாவது தவறு.

பிஎச்சைக் குறைப்பதற்கு எலுமிச்சைச் சாறு பிழிவதும் சிட்ரிக் அமிலம் போடுவதும் கூடாது. அது நமக்கு வேண்டிய பாக்டீரியாக்களையும் சேர்த்து ஒடுக்கும். அமிலம் எதுவானாலும் மீன் இருக்கும் தொட்டியில் நேராக ஊற்றக் கூடாது. தனித் தொட்டியில் தண்ணீரைச் சரிசெய்து, ஒரு நாள் வைத்துச் சோதித்து, பின்னர் சேர்ப்பதே முறை. பொறுமை உள்ளவருக்கு இயற்கையே உதவுகிறது: பாக்டீரியாக்கள் அம்மோனியாவை மாற்றும்போது தண்ணீரின் காரத்தன்மையும் சிறிது சிறிதாகச் செலவாகி, பிஎச் தானாகவே இறங்கி வரும். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரை எடுப்பவர்களுக்குக் குளோரின்தான் கவலை. அகன்ற தொட்டியில் காற்றோட்டத்தோடு ஓரிரு நாள் வைத்தால் அது போய்விடும்.

ஜல்லியிலும் பீப்பாயிலும் சிக்கனம் பார்ப்பது அடுத்த தவறு. எங்கள் மலைகளின் கருங்கல் ஜல்லி இதற்கு மிக ஏற்றது. முக்கால் அங்குல ஜல்லியைத் தூசி போகக் கழுவிப் போட்டால் போதும். இடித்த கான்கிரீட் துண்டு, சுண்ணாம்புக் கல், பூசிக் காயாத புதுச் சிமென்ட் தொட்டி ஆகியவை பிஎச்சை இறங்கவே விடமாட்டா. சந்தேகம் இருந்தால் இரண்டு கல்லின் மேல் வினிகரை ஊற்றிப் பார்க்கலாம். நுரைத்தால் அந்தக் கல் வேண்டாம். தொட்டிக்காக வாங்கும் பழைய பீப்பாய் விஷயத்தில் இதைவிடக் கண்டிப்பு தேவை. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் பழைய பொருள் கடையில் மலிவாகக் கிடைக்கும் நீலப் பீப்பாய் தோல் பதனிடும் ரசாயனத்தைச் சுமந்து வந்ததாக இருக்கலாம். எத்தனை முறை கழுவினாலும் அதில் வளர்ந்த மீனையும் கீரையையும் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாது. உணவுப் பொருள் வந்த பீப்பாய் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே வாங்க வேண்டும். பாலாற்றங்கரைத் தொழிற்சாலைக் கழிவு பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை 1996இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது என்பதை இந்த வட்டாரத்தில் கிணறு வைத்திருப்பவர் யாரும் மறக்கக் கூடாது. தோல் தொழிற்சாலைகளுக்கு அருகில் இருப்பவர்கள் உப்பு, குரோமியம் இரண்டுக்கும் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதித்த பிறகே தொடங்க வேண்டும்.

குஞ்சுகளின் எண்ணிக்கையில் நான் ஏமாந்ததற்குக் காரணம், அவை விரல் நீளம்கூட இல்லாததுதான். நூறு குஞ்சுகளும் பிழைத்து ஒவ்வொன்றும் 300 கிராம் எடைக்கு வந்தால் 30 கிலோ ஆகிவிடும். 1,000 லிட்டர் தொட்டியில் தொடக்கக்காரர் 10 கிலோவைத் தாண்டாமல் இருப்பது நல்லது, 20 கிலோ என்பதே மேல் எல்லை. தீவனத்தையும் மீனை மட்டும் பார்த்துப் போடக் கூடாது: ஒரு சதுர மீட்டர் கீரைப் படுகைக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. மீந்த சோற்றையும் இட்லியையும் போடுவது அம்மோனியாவை நாமே ஊற்றுவதற்குச் சமம். ஜிலேபி வளர்ப்புக்கு அரசு விதிகள் உள்ளன என்பதால், எந்த மீன் என்று முடிவு செய்யும் முன் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு நாட்டில் தடையே உள்ளது.

இரண்டாம் முறை எல்லாம் ஒழுங்காக நடந்தும், சித்திரையில் மறுபடியும் இழப்பு வந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்திய மின்சாரம் மாலையில்தான் திரும்பியது. வெளியே 40 டிகிரியைத் தாண்டிய வெயில். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும், அதற்கு மேல் இன்னும் குறையும். மீனுக்கோ வெப்பம் ஏற ஏறப் பிராணவாயுத் தேவை கூடுகிறது. பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று இருந்திருந்தால் அன்று ஒரு மீன்கூடச் செத்திருக்காது. மின்தடை நாளன்று தீவனம் போடாமல் இருக்க வேண்டும். தொட்டிக்கு மேல் பாதி வெயிலை மறைக்கும் நிழல் வலை கட்டுவதும், கறுப்புத் தொட்டிக்கு வெள்ளை அடிப்பதும் பங்குனிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலைகள்.

செடிகளைப் பொறுத்தவரை, இலவம்பாடி முள்ளுக் கத்திரியை இந்தத் தண்ணீரில் காய்க்க வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. புவிசார் குறியீடு பெற்ற அந்தக் காயின் சுவைக்கு எங்கள் வீட்டில் ஈடு கிடையாது. எனினும் காய்ச்செடிகளுக்குச் சாம்பல் சத்து (பொட்டாசியம்) மிகுதியாக வேண்டும். மீன் தீவனத்தில் அது குறைவு. முதல் ஆறு மாதம் சிறுகீரை, தண்டுக்கீரை, பசலை, பொன்னாங்கண்ணி ஆகியவற்றோடு நிற்பதே சரி. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. அதற்கு அன்னபேதியை (இரும்பு சல்பேட்) கரைத்து ஊற்றினால், பிஎச் உயர்ந்த தண்ணீரில் அது துருவாகப் படிந்து வீணாகும். உரக்கடையில், எளிதில் அப்படிப் படியாத டிடிபிஏ அல்லது ஈடிடிஎச்ஏ வகை இரும்பு என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். இலைப்பேனுக்குப் பூச்சிமருந்து தெளிப்பது மீனுக்கும் சேர்த்து மருந்து வைப்பதாகும். கையால் நசுக்குவதும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும் போதும்.

கடைசியாக, ஆவியாகும் தண்ணீர். கோடையில் தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு அங்கேயே தங்கிவிடும். வாரந்தோறும் போர் தண்ணீரை ஊற்றி ஈடுசெய்தால், ஒரே கோடையில் உப்பு ஏறிக் கீரையின் இலை ஓரங்கள் கருகத் தொடங்கும். அதற்கு நான் கண்ட நல்ல வழி மழைநீர். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் கிடைக்கிறது. அதில் உப்பும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. முதல் மழையைக் கழித்துவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் மூடியுள்ள ஒரு தொட்டி நிறையப் பிடித்து வைத்திருக்கிறேன். மூடி இல்லாவிட்டால் கொசு முட்டையிடும். கத்திரி வெயில் வரும்போது போர் தண்ணீரோடு அதைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுகிறேன். இப்போது தொட்டியில் முப்பத்தைந்து மீன்கள் இருக்கின்றன.