இருபது வருஷத்துக்குப் பிறகு பந்தய சைக்கிள்

நாற்பத்தைந்து வயதில் மறுபடி பந்தயமா? தாராளமாக. முதலில் டாக்டரிடம் நெஞ்சைக் காட்டுங்கள்.

பழைய டயரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் தூக்கிப்போடுங்கள். நான் 28 மில்லிமீட்டர் டயர் போட்டிருக்கிறேன். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் தோட்டத்துச் சாலை வளைவில் லாரி சிந்திய செம்பனைப் பழம் (பாமாயில் எடுக்கும் பழம்) நசுங்கிக் கிடக்கும். எண்ணெய்ப் பிசுக்கு, அங்கே பிரேக்கைத் தொடவே கூடாது. வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள். காலை ஆறரைக்கும் இருட்டுதான், விளக்கு அவசியம்.

எட்டு வாரம் பேசிக்கொண்டே மிதிக்கும் வேகம் போதும். மூச்சு சீக்கிரம் பழகிவிடும், முட்டி பழகாது. அப்புறம் வாரம் ஒருநாள் நாலு நிமிஷம் முழு மூச்சாக, நாலு நிமிஷம் மெதுவாக, நாலு தடவை.

கூட்டத்தில், முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உங்கள் முன்சக்கரத்தை நுழைக்காதீர்கள். அவர் ஒரு சாண் விலகினாலும் விழுவது நீங்கள்தான்.